அண்ணன் ஏன் லாக் புக் எழுத வேண்டும்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு மேற்கே. அண்ணன் ஆழ்கடல் போட்டில் ஸ்ராங்கு, போட்டை ஓட்டிப்போகிறவர். போட்டில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. ஒரு தங்கலுக்குப் போனால் முப்பது, நாற்பது நாள் ஆகும். கேரை என்னும் மஞ்சள் துடுப்புச் சூரையும் சுறாவும்தான் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் மாலத்தீவுக்குத் தெற்கே சாகோஸ் தீவுப் பக்கம் பிரிட்டிஷ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அபராதம் கட்டித்தான் போட்டை மீட்டோம். வீட்டு நகையெல்லாம் போனது. இப்போது கொச்சியில் எங்கள் மீனை எடுக்கும் கம்பெனி, அன்றன்று பிடித்ததை எழுதும் லாக் புக் கேட்கிறது, எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்கிறது, போட் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் ஓடியிருக்க வேண்டும் என்கிறது. அண்ணன் கடலில் அந்தக் கருவியை அணைத்துவிடுகிறார். "வெள்ளைக்காரன் கப்பல் ஒரே வளைப்பில் அள்ளுவதை நாங்கள் பல தங்கல் போனாலும் பிடிக்க முடியாது. அவன் சட்டம் போடுவான், நாம கள்ளனா?" என்று கேட்கிறார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. வீட்டில் கணக்கு வழக்கு பார்ப்பது நான்தான். என்ன செய்யட்டும்? மறுபடி பிடிபட்டால் ஜெயிலா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஜெயில் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது மனதில் கிடக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது.

ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கை 1982ல் உருவாகி 1994ல் நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம் என்று வகுத்தது அதுதான். அதன் 73வது பிரிவை உங்கள் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தன் பொருளாதார மண்டலத்தில் அனுமதி இல்லாமல் மீன் பிடித்த வெளிநாட்டுப் படகை ஒரு நாடு பிடிக்கலாம், சோதனை போடலாம், வழக்கு நடத்தலாம். ஆனால் நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் காலம் தாழ்த்தாமல் விட வேண்டும். மீன்பிடி விதியை மீறியதற்காகச் சிறைத்தண்டனை கொடுக்கக் கூடாது. இரு நாடுகளும் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அது மாறும். பிடித்த செய்தியைப் படகின் நாட்டுக்கு உடனே தெரிவிக்கவும் வேண்டும்.

இது பொருளாதார மண்டலத்துக்கான பாதுகாப்பு. 12 கடல் மைலுக்குள் போய்விட்டால் அந்த நாட்டின் உள்ளூர்ச் சட்டம் முழுதாகப் பாயும். பாக் நீரிணையில் நடப்பதை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அது குறுகிய கடல், அதன் ஒப்பந்தங்களும் சண்டையும் வேறு. அதை நான் இங்கே கலக்கவில்லை.

சரி, அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும். ஏனென்றால் 73வது பிரிவு காகிதம் உள்ள படகுக்குத்தான் கைகொடுக்கும். இரண்டு கப்பல்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டும் நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், பிரான்சுக்கு உரிய தீவுகளின் கடலில் நடந்தவை.

1999 செப்டம்பரில் காமூகோ என்ற கப்பலை, பனாமா நாட்டில் பதிவாகி அதன் கொடியோடு ஓடியதை, குரோசே தீவுகளின் பொருளாதார மண்டலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கப்பலை விட 2 கோடி பிராங்க் பிணை கேட்டார்கள். பனாமா, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2000 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 80 லட்சம் பிராங்க் போதும், கப்பலையும் கேப்டனையும் விடுங்கள். அதே வருடம் டிசம்பரில் கெர்கெலென் தீவுக் கடலில் கிராண்ட் பிரின்ஸ் என்ற கப்பல் பிடிபட்டது. இது பெலிஸ் நாட்டுக் கொடி. பெலிஸும் அதே தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டியது. ஆனால் இந்த முறை தீர்ப்பாயம் கேட்டது ஒரே கேள்விதான்: இது உண்மையில் உங்கள் நாட்டுக் கப்பலா? காட்டிய பதிவு ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 2001 ஏப்ரலில், இந்த வழக்கை விசாரிக்கவே தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. பிணை எவ்வளவு என்ற பேச்சு வரைக்கும்கூட அந்த வழக்கு போகவில்லை.

பிடித்த நாடு ஒன்று, குற்றச்சாட்டு ஒரே மாதிரி, தீர்ப்பாயமும் ஒன்று. காகிதம் ஒழுங்காக இருந்தவன் வெளியே வந்தான்.

இப்போது உங்கள் போட்டின் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? நம் கரையில் ஒரு போட் இரண்டு மூன்று கை மாறிய பின்னும் சான்றிதழ் பழைய முதலாளி பெயரிலேயே கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இஞ்சின் மாற்றியிருப்பார்கள், சான்றில் பழைய இஞ்சின் நம்பர் இருக்கும். படகின் பெயரை மாற்றிப் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், காகிதத்தில் பழைய பெயர் இருக்கும். கரையில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பிடிபட்ட இடத்தில், இந்தப் படகுக்கு எந்த நாடு பேசும் என்ற கேள்வி அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்கும். அண்ணன் அடுத்த தங்கலுக்குப் போவதற்குள் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் இதைச் சரிசெய்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒன்று போட்டில், ஒன்று வீட்டில் வையுங்கள்.

2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த விதிகளையும் கவனியுங்கள். மாநிலக் கடல் எல்லையைத் தாண்டி நம் பொருளாதார மண்டலத்தில் தொழில் செய்யும் விசைப்படகுகள் ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாக அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. 200 கடல் மைலையும் தாண்டி சர்வதேசக் கடலுக்குப் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். அண்ணனின் போட் இந்த இரண்டு கடலிலும் போவதால் இரண்டையும் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது அண்ணன் கேட்ட கேள்வி: நாம கள்ளனா?

இல்லை. அதை நான் முழு மனதோடு சொல்கிறேன். சுறாத் தூண்டிலோடு கடலைக் கரைத்துக் குடித்தவர்கள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள். ஆனால் அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. சர்வதேச அளவில் இதற்கு மூன்று அடைமொழி சேர்த்தே சொல்வார்கள்: சட்டவிரோதமான, கணக்குக் காட்டாத, கட்டுப்பாட்டுக்குள் வராத மீன்பிடிப்பு. முதலாவது அடுத்தவர் கடலில் அனுமதியில்லாமல் பிடிப்பது. மூன்றாவது எந்த நாட்டுக் கொடியும், எந்த விதியும் இல்லாத கப்பல். நம் ஆட்கள் அதிகமாக மாட்டுவது நடுவில் உள்ளதில். நேர்மையாகப் பிடித்த மீனாகவே இருக்கும், எங்கே, எப்போது, எவ்வளவு என்று எழுதியிருக்க மாட்டார்கள். எழுதாவிட்டால் அதுவும் இதே கூடையில்தான் விழும்.

தோப்பும்படித் துறைமுகத்தில் ஒரு நாள் நான் பார்த்த காட்சி இது. மீன் ஏலம் முடிந்துவிட்டது. கம்பெனி ஆள் லாக் புக் கேட்டதும், ஸ்ராங்கு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, கடன் வாங்கிய பேனாவால் முப்பத்தைந்து நாள் கணக்கை ஒரே இருப்பில் எழுதினார். ஒரே மை. ஒரே கையெழுத்துச் சாய்வு. தினமும் அதே 400 தூண்டில், அதே எண்ணிக்கை கேரை. கடலில் காற்று அடித்துத் தொழிலே செய்யாமல் கிடந்த நாட்களுக்கும் மீன் எழுதிவிட்டார். அந்தப் புத்தகத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் பட்ட தடம் இல்லை. சரிபார்க்கிறவர்களுக்கு இது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சுத்தமான லாக் புக்கை நான் நம்புவதில்லை. டீசல் கறையும், மூன்று நிற மையும், நடுவில் "காற்று, பணி இல்லை" என்று இரண்டு நாளும் இருக்கும் புத்தகத்தைத்தான் நம்புவேன்.

வருத்தம் என்னவென்றால், அந்த மனிதரிடம் உண்மையான கணக்கு இருந்தது! சட்டைப் பைக்குள் ஒரு பள்ளிக்கூட நோட்டு. தேதி, தூண்டில் விட்ட இடத்தின் ஜி.பி.எஸ். எண், எத்தனை கேரை, எத்தனை சுறா, எவ்வளவு டீசல், எல்லாம் அதில் இருந்தது. பங்கு பிரிப்பதற்காக வைத்திருந்தார். அதை யாருக்கும் காட்டமாட்டார். காட்டினால் தன் இடம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். உங்கள் அண்ணனிடமும் அப்படி ஒரு நோட்டு கட்டாயம் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானது. அதனால் கணக்கு எங்கே போகிறது என்று சொல்கிறேன். நம் கடலில் சூரை வகை மீன்களுக்கான விதிகளை வகுப்பது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். செஷல்ஸ் நாட்டின் விக்டோரியாவில் அதன் தலைமையகம் இருக்கிறது. 1996 முதல் நடைமுறையில் உள்ள அமைப்பு. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், சீனா எல்லாம் அதில் உறுப்பினர்கள். அந்த ஆணையத்துக்கு ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்) கணக்கை நாடுகள் 5 பாகைக் கட்டங்களாகச் சேர்த்துத்தான் கொடுக்கின்றன. 5 பாகை என்றால் எவ்வளவு? கன்னியாகுமரியிலிருந்து வடக்கே சென்னை இருக்கும் உயரம் வரை ஒரு பக்கம். அதே அளவு கிழக்கு மேற்காக இன்னொரு பக்கம். அவ்வளவு பெரிய கட்டத்துக்குள் உங்கள் அண்ணனின் இடத்தை எவன் வந்து தேடுவான்?

இப்போது வெள்ளைக்காரன் கப்பல். அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் பூசி மெழுகமாட்டேன். ஐரோப்பியக் கம்பெனிகளின் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள், மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளுபவை, செஷல்ஸை மையமாக வைத்து நம் பெருங்கடலில் தொழில் செய்கின்றன. செயற்கைக்கோள் தொடர்பும் எக்கோ சவுண்டரும் கட்டிய மிதவைகளைக் கடலில் மிதக்க விடுகிறார்கள். அதன் நிழலில் சூரை கூடும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று கப்பலில் உட்கார்ந்தபடியே திரையில் பார்த்து, போய் வளைக்கிறார்கள். நல்ல வளைப்பு கிடைத்தால் 100 டன்கூட ஏறும். அந்த மிதவைக்கு அடியில் கூடுவதில் நிறைய கேரைக் குஞ்சுகள். வளர்ந்திருந்தால் உங்கள் அண்ணன் தூண்டிலில் வந்திருக்க வேண்டிய மீன் அது.

2015ல் நடந்த மதிப்பீட்டில் இந்தியப் பெருங்கடலின் கேரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று தெரியவந்தது. அடுத்த வருடமே அதை மீட்கத் திட்டம் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் கூடிய ஆணையத்தின் சிறப்புக் கூட்டத்தில், கடலோர நாடுகள் முன்வைத்து, வருடத்தில் 72 நாள் இந்த மிதவைகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆனால் ஆணையத்தின் விதிப்படி ஆட்சேபம் எழுதிக் கொடுத்த நாட்டைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபம் கொடுத்தது, வேறு சில நாடுகளும் கொடுத்தன, தீர்மானம் படுத்துவிட்டது. மறு வருடம் மிதவைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் பதிவு செய்யவும் மட்டும் ஒரு உடன்பாடு வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2021ல் கேரை பிடிக்கும் அளவுக்கு வரம்பு வைத்த தீர்மானத்துக்கு இந்தோனேசியா, ஓமன் போன்ற நாடுகளோடு சேர்ந்து ஆட்சேபம் கொடுத்த நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. தங்கள் சிறு மீனவர்களின் தொழிலை இந்த வரம்பு நெருக்கும் என்பது கடலோர நாடுகளின் வாதம். ஆக, அந்த மேசையில் யாரும் துறவி இல்லை.

அந்த மேசையில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய பேரம் பங்கு பிரிப்பது. எந்த நாட்டுக்கு எத்தனை டன் என்று முடிவு செய்ய எதை அளவுகோலாக வைப்பது? பல வருடமாகப் பேசுகிறார்கள். இதுவரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பழைய கணக்கு அதில் ஒரு முக்கியமான அளவுகோல். தூர தேசத்துக் கப்பல்களிடம் அந்தக் கணக்கு நாள் தவறாமல் இருக்கிறது. கப்பல் எங்கே போனது, எத்தனை முறை வளைத்தது, எத்தனை டன், எல்லாம் அச்சில் இருக்கிறது. தூத்தூர் பகுதிப் படகுகள் நாற்பது நாள் கிடந்து பிடித்த கேரை எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அண்ணனின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. பெரியவன் மேல் உள்ள கோபத்தில் கணக்கை மறைத்தால், பங்கு பிரிக்கும் நாளில் அந்தப் பெரியவனுக்குத்தான் அது லாபம். இந்தக் கடிதத்தில் நான் அண்ணனிடம் சொல்ல விரும்புவது இதுதான்.

மாலத்தீவைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஒற்றைக் கழித் தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத்தான் சூரை பிடிக்கிறார்கள். 1959 முதலே தீவுதோறும் மீன் கணக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். 2011ல்தான் ஆணையத்தில் முழு உறுப்பினரானார்கள். ஆனால் 2016ல், வரிச்சூரை எவ்வளவு இருந்தால் எவ்வளவு பிடிக்கலாம் என்று முன்கூட்டியே வரையறுக்கும் விதியை அந்த மேசையில் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தது மாலத்தீவு. சின்ன நாடு, சின்னப் படகு. கையில் கணக்கு இருந்ததால் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். அவர்களுடைய கழித்தூண்டில் சூரைக்கு 2012ல் சர்வதேசத் தரச் சான்றும் கிடைத்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் இலங்கை. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது: மீனோடு, அது சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று கொடி நாடு தரும் சான்றும் வர வேண்டும். நம் நாட்டில் அந்தச் சான்றைக் கொடுப்பது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். உங்கள் கொச்சிக் கம்பெனி லாக் புக்குக்கு அலைவதன் காரணம் இதுதான். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் இந்தச் சான்றை இணையவழியில் ஏற்றியாக வேண்டும் என்பதால் கெடுபிடி இன்னும் கூடும். இலங்கையின் பல நாள் படகுகள் சர்வதேசக் கடலில் என்ன செய்கின்றன என்று அந்த நாட்டால் கண்காணிக்க முடியவில்லை, தப்புச் செய்தவனுக்குத் தண்டனையும் உறைக்கவில்லை என்று சொல்லி 2012 நவம்பரில் எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டினார்கள். சரியாகவில்லை. 2015 ஜனவரியில் சிவப்பு அட்டை: இலங்கைப் படகு பிடித்த மீன் ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது. புதிதாகப் பிடித்த கேரையையும் வாள்மீனையும் விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்த தொழில் ஒரே நாளில் நின்றது. ஒழுங்காகத் தொழில் செய்த படகுக்காரனுக்கும் அதே விலைச் சரிவுதான். பிறகு சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை உயர்த்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தி, 2016 ஜூனில் தடையிலிருந்து வெளியே வந்தார்கள். நமக்கு அந்த நிலை வர வேண்டாம் என்பதுதான் என் கவலை.

பெரியவர்களை யாரும் பிடிப்பதே இல்லை என்ற எண்ணம் அண்ணனுக்கு இருந்தால் தண்டர் கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள். அண்டார்டிக் கடலில் பல வருடம் திருட்டுத்தனமாக மீன் பிடித்து, பெயரையும் கொடியையும் மாற்றி மாற்றி ஓடிய கப்பல். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நார்வே கேட்டுக்கொண்டதால் 2013லேயே இண்டர்போல் அதைப் பற்றி எல்லா நாடுகளுக்கும் அறிவிப்பு அனுப்பியது. 2014 டிசம்பரில் ஸீ ஷெப்பர்ட் என்ற தன்னார்வ அமைப்பின் கப்பல் அதைக் கண்டுபிடித்து 110 நாள் விடாமல் பின்னாலேயே போனது. அவர்களின் இன்னொரு கப்பல், தண்டர் போட்டுவிட்டு ஓடிய 72 கி.மீ. நீள வலையை உறைபனிக் குளிரில் இழுத்து ஏற்றி, சாட்சியாக ஒப்படைத்தது. துரத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே நைஜீரியா தன் கொடியைப் பிடுங்கிக்கொண்டது. 2015 ஏப்ரலில் மேற்கு ஆப்பிரிக்காவின் சாவோ டோமே கடலில் அது மூழ்கியது. மாலுமிகளைக் காப்பாற்றியதும் துரத்தியவர்கள்தான். கேப்டனுக்கும் இரண்டு இஞ்சினியர்களுக்கும் அந்தக் குட்டித்தீவு நாட்டின் நீதிமன்றம் 1.5 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. எந்த ஒரு நாட்டாலும் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

இதே எண்ணத்தில்தான் துறைமுகங்களுக்கும் ஒரு ஒப்பந்தம் வந்தது. 2009ல் உருவாகி 2016 ஜூன் 5ல் நடைமுறைக்கு வந்தது. சந்தேகமான வெளிநாட்டுக் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாதே, விட்டால் சோதனை போடு, தகவலை மற்ற நாடுகளுக்குச் சொல். கடலில் துரத்துவதற்கு டீசல் செலவு. துறைமுகத்தில் கதவைச் சாத்துவதற்கு அவ்வளவு செலவில்லை. இலங்கையும் மாலத்தீவும் அதில் சேர்ந்திருக்கின்றன. புயலுக்கு ஒதுங்கவோ இஞ்சின் பழுதுக்கோ அண்ணன் அங்கே போக நேர்ந்தால், ஆபத்தில் வரும் படகுக்கு உதவி மறுக்கப்படாது. ஆனால் காகிதம் கேட்பார்கள்.

இதில் ஒரு கசப்பான விஷயம். சூரை ஆணையம் சட்டவிரோதப் படகுகளின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். ராட்சதக் கப்பல்களின் பெயர்களுக்கு நடுவே, நம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் போட்டுகளில் வாசிப்பது போன்ற வேதாகமப் பெயர்களும் புனிதர் பெயர்களும் கண்ணில் படும். இந்தியப் படகுகள், சாகோஸ் கடலில் பிடிபட்டவை. முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு மனசே சரியில்லை. அபராதம் கட்டினால் ஒரு தங்கலோடு போகும். அந்தப் பட்டியலில் ஏறினால் மற்ற நாடுகளின் துறைமுகமும் சந்தையும் சேர்ந்து மூடும். உங்கள் போட்டின் பெயர் அதில் இல்லை என்று இன்றே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாகோஸ் பற்றி நேராகவே சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து சாகோஸின் பெரிய தீவான டியகோ கார்சியா 900 கடல் மைலுக்கு மேல். 2010ல் அந்தத் தீவுகளைச் சுற்றி 6 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலை யாருமே வணிகத்துக்கு மீன் பிடிக்கக் கூடாத பகுதியாக பிரிட்டன் அறிவித்தது. அந்த அறிவிப்பு கடல்சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று 2015ல் ஒரு நடுவர் மன்றம் சொன்னது. தீவுகள் மொரீஷியஸுக்கு உரியவை என்ற வாதத்துக்கு 2019ல் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தும் சாதகமாக வந்தது. 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸுக்கு விட்டுத்தரும் ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. துறைமுகத்தில் சிலர், "அந்தத் தீவு யாருதுன்னே முடிவாகல, நம்மள யார் கேட்கிறது" என்று பேசுவார்கள். தயவுசெய்து அண்ணன் அதை நம்ப வேண்டாம். பிரிட்டனா மொரீஷியஸா என்பது அவர்கள் வழக்கு. இரண்டில் யாருடையதானாலும் அது நம் கடல் இல்லை. அதோடு 2023 ஏப்ரலில் மாலத்தீவுக்கும் சாகோஸுக்கும் இடையிலான கடல் எல்லையையும் கடல்சட்டத் தீர்ப்பாயம் வரைந்துவிட்டது. அண்ணனின் பிளாட்டரில், அதாவது வழிகாட்டும் திரையில், இருப்பது பழைய வரைபடமாக இருக்கலாம். அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

தெரியாமல் உள்ளே போனவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. சாயங்காலம் எல்லைக்கு வெளியேதான் தூண்டில் விட்டிருப்பார்கள். ராத்திரி முழுக்க நீரோட்டம் இழுக்கும். விடியும்போது கடைசி மிதவை கோட்டுக்கு உள்ளே கிடக்கும். போட் வெளியே நின்றாலும் தூண்டில் உள்ளே இருந்தால் குற்றம்தான். அதனால் கோட்டை ஒட்டித் தொழில் வேண்டாம். 20, 30 கடல் மைலாவது விலகி நிற்கச் சொல்லுங்கள். பிளாட்டரில் எல்லைக்கு முன்னாலேயே அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

இனி அந்த அணைத்து வைத்த கருவி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது உங்கள் ஊரில் நீங்கள் பட்டதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தப் படகு எங்கே கிடக்கிறது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் மேல் அரசு தீவிரமானது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 2018ல் முனம்பத்துக்கு அப்பால் சரக்குக் கப்பல் மோதி நம் மாவட்டத்து ஆட்கள் செத்ததும் நினைவிருக்கும். தன்னை மற்ற கப்பல்களுக்குக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி அணைந்திருந்தால் ராத்திரியில் அந்தக் கப்பல்காரன் திரையில் அண்ணனின் போட் தெரியவே தெரியாது. 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் இறந்த இருவரில் ஒருவர் நம் குமரிக் கரைக்காரர். அந்த வழக்கு ஒன்பது வருடம் ஓடி, 10 கோடி ரூபாய் இழப்பீடு கிடைத்தது. படகு கரையிலிருந்து 20.5 கடல் மைலில், நம் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்தது என்பது அந்த வழக்கின் அடிப்படைகளில் ஒன்று. நீங்கள் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்று ஒருவன் சொல்லும்போது, இருந்தோம் என்று சொல்ல அண்ணனுக்கு ஒரு சாட்சி வேண்டாமா? தவறாகப் பிடித்தாலும் அதே சாட்சிதான் காப்பாற்றும்.

மறுபடி பிடிபட்டால்? ஓட வேண்டாம், தூண்டிலை அறுத்துவிட வேண்டாம், ஜி.பி.எஸ். பதிவை அழிக்க வேண்டாம். இந்த மூன்றும்தான் அபராதத்தை ஏற்றுகின்றன. படித்துப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள் என்று கேட்கட்டும். அந்த நிமிடமே கரையில் நீங்கள் மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறை உதவி இயக்குநருக்கும் நகல்களோடு மனு கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு வழக்கு இருப்பதால் இந்த முறை சலுகை குறைவாகத்தான் இருக்கும், போட்டையே பறிமுதல் செய்யவும் கூடும்.

சுறா பற்றி ஒரு வார்த்தை. வால் உடம்பளவுக்கு நீண்டிருக்கும் சுறா வகையைப் படகில் வைத்திருக்கவே ஆணையம் தடை செய்திருக்கிறது. உயிரோடு ஏறினால் விட்டுவிட வேண்டும். மற்ற சுறாக்களுக்கும் துடுப்பை மட்டும் அறுத்துக் கொண்டுவருவது 2013 முதல் நம் நாட்டிலேயே கூடாது. இதையும் அண்ணன் காதில் போட்டுவையுங்கள்.

அண்ணன் கரை வந்ததும் சண்டை போடாமல் அந்தச் சின்ன நோட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள். பங்கு கணக்கு எழுதுகிற நாளில், அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அதைப் பார்த்து லாக் புக்கை நீங்கள் நிரப்புங்கள்: தேதி, தூண்டில் விட்ட இடம், தூண்டில் எண்ணிக்கை, மீன் வகை வாரியாக எடை. பணி இல்லாத நாளை வெறுமனே விடாமல் "பணி இல்லை" என்று எழுதுங்கள். இரண்டு தங்கலுக்கு இப்படிச் செய்தால் மூன்றாவது தங்கலில் அவரே கடலில் வைத்து எழுதத் தொடங்கிவிடுவார், நான் பார்த்த பல ஸ்ராங்குகள் அப்படித்தான் பழகினார்கள். முதல் தங்கலுக்கு நீங்கள் நிரப்பிய இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இடத்தின் எண்ணை மறைத்துவிட்டே அனுப்பலாம். எந்தக் கட்டத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.